ஆளுக்கேற்ற மருந்து

நுழையும்முன்

நோய் ஒன்று, மருந்து ஒன்று, அளவும் ஒன்று. ஆயினும் ஒருவர் குணமடைகிறார். மற்றொருவருக்குப் பயன் தெரியவில்லை. வேறொருவருக்கு அம்மருந்தே துன்பமாகிறது. இவ்வேறுபாட்டின் வேர்களுள் ஒன்று நம் மரபணுவில் இருக்கிறது. அதனைக் கண்டறிந்த வரலாற்றில் தமிழ்நாட்டு நோயாளிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் சிறப்பான இடம் உண்டு. அவ்வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

மருந்து வந்தது

திண்டுக்கல் மாவட்டம் வத்தலக்குண்டில் 1884ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. விடுதலைப் போரில் வ.உ.சிதம்பரனாருடன் 1908இல் கைதான அவர், 1912இல் சிறையிலிருந்து வெளிவந்தபோது தொழுநோயோடு வந்தார். நோயைக் காரணம் காட்டி ஆங்கிலேய அரசு அவர் தொடர்வண்டியில் செல்வதைத் தடை செய்தது. அவர் நடந்தே ஊர் ஊராகச் சென்று பேசினார். 1925இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தார்.

அந்நாளில் தொழுநோய்க்கு மருந்தே இல்லை என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மையன்று. சிவா சிறை சென்ற அதே 1908இல் ஜெர்மனியில் வேதியியலார் இருவர் டாப்சோன் என்னும் பொருளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிவிட்டனர். அது தொழுநோய்க் கிருமியை ஒடுக்கவல்லது என்பதுதான் எவருக்கும் தெரியாமல் இருந்தது. 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் இவ்வினத்தைச் சேர்ந்த மருந்து ஒன்று முதன்முதலாகத் தொழுநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நம் செங்கற்பட்டில் ராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர் இம்மருந்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சையிலும் டாப்சோன் இடம்பெற்றது. ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் வீட்டிலிருந்தபடியே நலம்பெறும் காலம் வந்தது.

சிலரை அம்மருந்து வருத்தவும் செய்தது. மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் உடல் முழுதும் தடிப்பும் தோன்றும், கல்லீரல் பழுதுபடும். டாப்சோன் எடுத்துக்கொள்வோரில் 0.5 முதல் 3.6 விழுக்காட்டினருக்கு இக்கடும் ஒவ்வாமை நேர்கிறது. அவ்வாறு பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறந்துபோகின்றனர். நோய் கொல்லாதவரை மருந்து கொன்றது என்னும் நிலை எந்த மருத்துவருக்கும் பொறுக்கக்கூடியதன்று. ஆனால், அந்த ஒருவர் யார் என்பதை முன்னரே அறிய வழியில்லாமல் இருந்தது.

2013இல் சீன ஆய்வாளர்கள் வழி ஒன்றைக் கண்டனர். நம் உடல், ‘தன்னுடையது எது, அயலானது எது’ என்று பிரித்தறிவதற்கு எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுக்கள் உதவுகின்றன. அவற்றுள் எச்.எல்.ஏ.-பி 13:01 என்னும் வடிவத்தைப் பெற்றவர்களுக்கே இவ்வொவ்வாமை பெரும்பாலும் நேர்ந்தது. அவ்வடிவம் ஐரோப்பியரிடம் ஏறத்தாழ இல்லை. இந்தியரிடையே, மக்கள் குழுவுக்கேற்ப, 1 முதல் 12 விழுக்காடு வரை காணப்படுகிறது. சீனாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை முன்னரே சோதித்து, அவ்வடிவம் இல்லாதோர்க்கு மட்டும் டாப்சோன் கொடுத்துப் பார்த்தனர். அவர்களுள் ஒருவருக்கும் இவ்வொவ்வாமை தோன்றவில்லை என்று 2019இல் அறிவித்தனர்.

மருந்தைக் கொடுக்கும் முன்பே, அதனை ஏற்கும் உடலைப் படித்துப் பார்க்கும் இத்துறைக்கு மருந்துமரபியல் என்று பெயர். இப்பெயரை 1959இல் ஜெர்மானிய அறிஞர் பிரெடரிக் வோகல் வழங்கினார்.

ஓர் எழுத்து மாறினால்

மருந்து உடலில் என்ன செய்கிறது என்று நாம் கேட்கிறோம். உடல் மருந்தை என்ன செய்கிறது என்பதும் அதற்கு இணையான கேள்வி. விழுங்கிய மாத்திரை குருதியில் கலக்கிறது. கல்லீரலிலும் பிற உறுப்புகளிலும் உள்ள நொதிகள் அதனை உருமாற்றுகின்றன. வேலை முடிந்தபின் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. நொதிகள் என்பவை வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள். ஒவ்வொரு புரதத்தையும் எவ்வாறு கட்டுவது என்னும் குறிப்பு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது.

மனித டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. எழுத்து என்றால் நாம் எழுதும் எழுத்தன்று. நான்கே வகையான வேதிப்பொருள்களின் வரிசை. ‘அறம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அரம்’ என்று எழுதினால் பொருள் எவ்வளவு தொலைவு போய்விடுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். மரபணுவிலும் ஓரெழுத்து மாற்றம் சில இடங்களில் எதையும் மாற்றுவதில்லை. சில இடங்களில் நொதியை மந்தமாக்கும். சில இடங்களில் அதனை முற்றிலும் செயலிழக்கச் செய்யும். இம்மாற்றம் நோயன்று என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். அதனை உடையவர் நலமாகவே வாழ்வார். குறிப்பிட்ட ஒரு மருந்து அவர் உடலுக்குள் செல்லும் நாள்வரை அது வெளியில் தெரிவதே இல்லை.

சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு

1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து அதனை நிறுவின. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கப்படுகிறது. காசநோயாளரைச் சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்ற எண்ணத்தை இம்மையம் 1959இல் மாற்றிக்காட்டியது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்தோர் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு அதே அளவு நலம்பெற்றனர். உலகின் காசநோய்த் திட்டங்கள் பலவற்றின் போக்கை அம்முடிவு மாற்றியது.

அதே மையத்தில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பணியும் நடந்தது. நம் பாடத்திற்கு அதுவே முதன்மையானது. காசநோய்க்கு 1952 முதல் வழங்கப்பட்டுவரும் மருந்து ஐசோனியசிட். அதனை உண்டோரில் சிலர் கைகால்களில் எரிச்சலும் மதமதப்பும் இருப்பதாகச் சொன்னார்கள். எல்லாரும் சொல்லவில்லை. மையத்தின் ஆய்வாளர்கள் குறித்த அளவு மருந்தைக் கொடுத்து, சில மணி நேரம் கழித்துக் குருதியில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளந்தனர். நோயாளிகள் இரு வகையினராகப் பிரிந்தனர். ஒருசாராரின் உடல் மருந்தை விரைந்து செயலிழக்கச் செய்தது. மற்றொரு சாராரின் உடலில் அது நெடுநேரம் தங்கியது. தென்னிந்திய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாம் வகையினர். ஜப்பானியரிலோ பெரும்பாலோர் முதல் வகையினர். எரிச்சலும் மதமதப்பும் இரண்டாம் வகையினரையே மிகுதியாக வருத்தின என்பதை 1960இல் வெளியான இம்மையத்தின் ஆய்வுக் கட்டுரை காட்டியது.

அதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. பி6 என்னும் உயிர்ச்சத்தைச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தால் நரம்புகள் காக்கப்படும். இன்றும் காசநோய் மாத்திரைகளோடு அச்சிறு மாத்திரை தரப்படுவதை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காணலாம்.

மறுபக்கமும் உண்டு. நாள்தோறும் மருந்துண்ணுவது கடினமாதலால், வாரம் ஒருமுறை மட்டும் கொடுத்தால் போதுமா என்று அதே மையம் பின்னர் சோதித்தது. அப்போது மருந்தை விரைந்து செயலிழக்கச் செய்யும் வகையினர்க்குப் பயன் குறைந்தது. அவர்கள் உடலில் மருந்து தங்கவே இல்லை. மெல்லச் செயலிழக்கச் செய்யும் உடல் ஓரிடத்தில் இடராகவும் இன்னோரிடத்தில் பேறாகவும் அமைந்ததைக் கவனியுங்கள். நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று பிரிக்க முயல்வோர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணமான மரபணுவின் பெயர் என்.ஏ.டி.2. அம்மரபணுவையே நேராகப் படிக்கும் நுட்பம் பின்னாளில் வந்தது. சேத்துப்பட்டில் அன்று படித்தது மரபணுவை அன்று, அதன் விளைவை. குருதிச் சோதனையும் பொறுமையான கணக்கெடுப்புமே அவர்களிடம் இருந்த கருவிகள்.

கண்விழிக்காத நோயாளி

அறுவைச் சிகிச்சையின்போது மூச்சுக்குழாயில் குழல் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளரச் செய்யும் ஊசி போடுவார்கள். சக்சினைல்கோலின் அவற்றுள் ஒன்று. சில நிமிடங்களே அதன் ஆற்றல் நீடிக்கும். குருதியிலுள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதனைச் சிதைத்துவிடும். அந்நொதி இல்லாதவர்க்கு அதே ஊசி மணிக்கணக்கில் நீடிக்கிறது. மூச்சை இழுக்கும் தசைகளும் அசைவதில்லை. செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்துக் காத்திருந்தால் மருந்து தானே விலகி அவர் மீள்வார். கருவி இல்லாத இடத்திலோ, காரணம் புரியாமல் குழலை எடுத்துவிட்டாலோ உயிருக்கே ஆபத்து. 1950களில் கனடாவில் வெர்னர் கலோ என்பவர் இந்நொதியின் வேறுபாடு பரம்பரையாக வருவது என்று காட்டினார்.

தென்னிந்தியாவில் வைசிய சமூகத்தினர் சிலருக்கு இவ்வூசிக்குப்பின் மூச்சு திரும்பக் காலந்தாழ்வதை மயக்கவியல் மருத்துவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதன் மூலக் காரணத்தை வெளிக்கொணர்ந்ததில் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்திற்குப் பெரும்பங்கு உண்டு. அப்பல்கலைக்கழகத்தின் இரத்தினம் பூபதி உள்ளிட்ட ஆய்வாளர்கள் அயல்நாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், அந்நொதியின் 307ஆவது இடத்தில் லியூசின் என்னும் அமினோ அமிலத்திற்கு மாறாகப் புரோலின் அமர்ந்திருப்பதைக் காட்டினர். ஒரே ஓர் இடத்தில் ஒரு மாற்றம்; நொதி செயலற்றுப்போகிறது.

ஒரு சமூகத்தில் மட்டும் இது மிகுதியாகக் காணப்படுவது ஏன்? பல தலைமுறைகளுக்கு முன் சிறு எண்ணிக்கையிலான முன்னோரிடமிருந்து ஒரு குழு பெருகி, அகமண வழக்கத்தால் தனக்குள்ளேயே மணவுறவு கொண்டிருந்தால், அம்முன்னோருள் ஒருவரிடம் இருந்த மாற்றம் அக்குழுவில் பரவி நிலைத்துவிடும். ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ரைக்கும் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 263 மக்கள் குழுக்களை ஆராய்ந்தது. அவற்றுள் 81 குழுக்களில் இத்தகைய தடம் மிக வலுவாகப் பதிந்திருந்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை உடைய குழுக்களும் அவற்றுள் இருந்தன.

இப்பகுதியை வத்தலக்குண்டில் ஒரு வகுப்பில் விளக்கியபோது மாணவி ஒருத்தி எழுந்து, “அப்படியானால் எங்கள் சாதிக்கு எந்த மருந்து ஆகாது, ஐயா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கு அது சிரிக்கும் கேள்வியாகத் தோன்றவில்லை. இத்துறை நம் நாட்டில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியே அதுதான். மேற்சொன்ன சமூகத்திலும் மிகப் பெரும்பாலோர்க்கு அந்நொதி செம்மையாகவே இயங்குகிறது. அச்சமூகத்தைச் சாராதோருக்கும் அக்குறை இருக்கலாம். குழுவின் பெயர் மருத்துவரை விழிப்படையச் செய்யும் ஒரு குறிப்பு மட்டுமே. பெயரை வைத்தே மருந்தை மறுத்தால் தேவையான மருந்தைப் பலர் இழப்பர். பெயரை வைத்தே மருந்தைக் கொடுத்தால் சிலர் உயிரிழக்க நேரும். மரபணுச் சோதனை இவ்வூகத்திற்கு முடிவு கட்டுகிறது. அது சாதியைப் படிப்பதில்லை. எதிரே படுத்திருக்கும் ஒருவரைப் படிக்கிறது.

தெரியுமா?
திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. மருத்துவர் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றை அவ்வதிகாரக் குறள் ஒன்று வரிசைப்படுத்துகிறது. அதில் நோயாளியின் அளவு முதலில் நிற்கிறது. நோயின் அளவு அதன்பின். காலம் அதற்கும் பின்.

இன்று நடைபெறுவது

சோதனை கடினமானதன்று. சிறிதளவு குருதியோ உமிழ்நீரோ போதும். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, வேண்டிய பகுதியை மட்டும் பலமடங்கு படியெடுத்து, அங்குள்ள எழுத்துகளைப் படிக்கின்றனர். சர்க்கரை அளவைப் போல இது நாளுக்கு நாள் மாறுவதன்று. ஒருமுறை செய்த சோதனையின் முடிவு வாழ்நாள் முழுதும் பயன்படும்.

புதுச்சேரி ஜிப்மர் நிறுவனத்தின் மருந்தியல் துறையில் சி. ஆதித்தன் முதலியோர் தமிழ் மக்களிடையே இத்தகைய மரபணு வடிவங்கள் எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் கணக்கிட்டு 2003 முதற்கொண்டு வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தவற்றுள் சி.ஒய்.பி.2சி9, சி.ஒய்.பி.2சி19 என்னும் கல்லீரல் நொதிகளின் மரபணுக்கள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, வலிப்புக்குத் தரும் பெனிட்டாயினையும் குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினையும் சிதைப்பது. அது மந்தமாயின் வழக்கமான அளவே மிகையாகிவிடும். வார்ஃபரின் உண்பவர்க்குக் குருதிக்கசிவு ஏற்படும்.

இரண்டாவதன் கதை தலைகீழானது. மாரடைப்புக்குப்பின் தரப்படும் குளோபிடோகிரல், விழுங்கும்போது மருந்தாகவே இருப்பதில்லை. கல்லீரலிலுள்ள இந்நொதி அதனை மாற்றிய பிறகே அது மருந்தாகிறது. நொதி செயலிழந்தவர் நாள் தவறாமல் மாத்திரை உண்டாலும் முழுப்பயன் பெறுவதில்லை. 2010இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுகுறித்து அம்மருந்தின் விவரத்தாளில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. இத்தகையோர்க்கு மாற்று மருந்துகள் உள்ளன.

எல்லாவற்றுக்கும் மரபணுவே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. வயது, உடல் எடை, சிறுநீரக நலம், உடன் உண்ணும் பிற மருந்துகள் ஆகியவையும் மருந்தின் போக்கை மாற்றும். வார்ஃபரின் உண்பவர் கீரையை ஒருநாள் நிறைய உண்டு மறுவாரம் முற்றிலும் விட்டால் குருதியின் உறையும் தன்மை ஏறி இறங்கும். கீரையிலுள்ள கே உயிர்ச்சத்து அதற்குக் காரணம். சோதனையும் முற்றறிவு உடையதன்று. முன்னர்க் கண்ட டாப்சோன் சோதனையிலேயே, அவ்வடிவம் இருந்தும் ஒவ்வாமை வராதோர் உளர். இல்லாதிருந்தும் வந்தோர் உளர். காய்ச்சலுக்கு உண்ணும் மாத்திரைக்கெல்லாம் மரபணுவைப் படிக்க வேண்டிய தேவையும் இல்லை. எம்மருந்தில் பிழை நேர்ந்தால் உயிர் போகுமோ, எம்மருந்துக்கு மாற்று உண்டோ, அங்கே சோதனை செலவுக்குத் தகுந்தது.

இன்னொரு குறையைக் களையும் பணி அண்மையில்தான் தொடங்கியிருக்கிறது. எந்த வடிவம் எந்த மருந்துக்கு ஆகாது என்னும் உலகப் பட்டியல் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரின் டி.என்.ஏ.வைப் படித்து எழுதப்பட்டது. நம்மிடம் மட்டும் உள்ள வடிவங்கள் அப்பட்டியலில் இல்லையெனில், சோதனை ‘குறையில்லை’ என்று சொல்லும், மருத்துவர் நம்பிவிடுவார். 307ஆவது இடத்து மாற்றத்தைக் கோயம்புத்தூரில் தேடியிராவிட்டால் வேறெங்கும் தேடியிருக்க மாட்டார்கள். 2020இல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தின்கீழ் நாட்டின் பல்வேறு மக்கள் குழுக்களிலிருந்து 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டது. அத்தரவு 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குருதி கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து இசைவதும், அவர் விவரம் வேலை தருபவர் கைக்கோ காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கோ போகாமல் காப்பதும் இப்பணியின் பகுதிகளே.

கருவிகள் வந்துசேராத சிற்றூர் மருத்துவமனைகளிலும் ஒரு சோதனை செலவில்லாமல் நடக்கிறது. அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவர், “உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்பத் தாமதமானதா? ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா?” என்று கேட்பார். பெரும்பாலும் ‘தெரியாது’ என்பதே விடையாக வருகிறது. பெரியம்மாவுக்கு நேர்ந்தது பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை. மருத்துவமனைச் சீட்டு பத்திரப்படுத்தப்படுவதில்லை. நொதிக் குறை உறுதியானவர், மருந்தின் பெயரெழுதிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். அவருடைய உடன்பிறந்தாரும் சோதித்துக்கொள்ள வேண்டும். தாயும் தந்தையும் தலைக்கொரு மாறிய படியைக் கொண்டிருந்தால், அவ்விரண்டையும் பெற்றுப் பிறக்கும் வாய்ப்பு பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒன்று.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் குடும்பத்தில் மூத்தோர் மூவரிடம், ஒத்துக்கொள்ளாத மருந்துகளைப் பற்றிக் கேட்டு, அவர்கள் இசைவுடன் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

2. ‘மரபணு விவரம் யாருக்கு உரியது?’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.

3. சென்னைக் காசநோய் மையத்தின் ஆய்வையும் கோயம்புத்தூர் ஆய்வையும் ஒப்பிட்டு, எதனை அளந்தார்கள், எவ்வாறு அளந்தார்கள் என்பதை விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.